ஆராதனைத் தமிழில் 'அவன்' போய் 'அவர்' வரும்போது: எங்கே இடறுகிறது?

நெல்லைவாசி:

பெண்களையும் சேர்த்துப் பேசும் ஆராதனை முறை வேண்டுமென்று பல சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களில்) இப்போது கேட்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை வேறு இடத்தில் நடக்கட்டும். திருத்திப் பார்த்தவர்கள், எது நின்றது, எது விழுந்தது என்று சொல்லுங்கள். சாட்சி வேண்டாம், வேலை விவரம் போதும்.

பலர்பால்:

முதலில் ஒன்று. ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டியைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். அவர்களுக்கு, சபை சேர்ந்து சொல்லும் நைசின் விசுவாசப் பிரமாணத்தில் 'ஆண்களாகிய நமக்காக' என்று தொனிக்கும் சொல் பெரிய தலைவலி. நாம் 'மனிதராகிய நமக்காக' என்றுதான் சொல்லி வருகிறோம், அது பலர்பால். கடவுளுக்கு 'அவர்' என்கிறோம், அதிலும் பால் இல்லை. ஆண்பால் இருப்பது பெயர்ச்சொல்லில். பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர் ஃபெப்ரீஷியஸ் 'பராபரன்' என்றார், 1871 பவர் திருப்புதல் (நம் சபைகளில் வாசிக்கும் பழைய வேதாகமம்) 'தேவன்' என்றது, இரண்டிலும் 'அன்' விகுதி. 1995-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கடவுள்' என்று வைத்தபோது அந்த விகுதி சத்தமில்லாமல் போய்விட்டது. அதனால் புதிதாக எழுதும் ஜெபங்களில் 'கடவுளே' என்றாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி வினைமுற்றில். 'விசுவாசிக்கிறவன் எவனோ அவன்' என்பதை 'விசுவாசிக்கிற எவரும்' என்று மாற்றியவர், அதே வாக்கியத்தின் கடைசியில் 'அடைவான்' என்பதை விட்டுவிடுவார். மெய்ப்புப் பார்க்கும்போது எழுவாயை விட்டுவிட்டு, வாக்கியத்தைப் பின்னாலிருந்து, வினையிலிருந்து படியுங்கள். 'ஆன்' கண்ணில் பட்டுவிடும். 'பாக்கியவான்' என்ற இடத்தில் 'பாக்கியவான்/பாக்கியவதி' என்று சாய்கோடு போட்டால் வாசகர் திக்குவார். 'பேறுபெற்றோர்' தயாராக இருக்கிறதே.

இதைவிடப் பெரிய குழி சங்கீதம் 1-இல் இருக்கிறது. 'அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்' என்பதில் மனிதனையும் 'அவர்' ஆக்கினால், யாருடைய வேதம், யார் கனி தருகிறார் என்று குழம்பும். பழைய மொழிபெயர்ப்பில் 'அவன்' மனிதன், 'அவர்' கடவுள் என்று காதிலேயே பிரிந்தது. அதை எடுத்தால் ஈடு கட்ட வேண்டும்: கடவுள் வரும் இடங்களில் பிரதிப்பெயரை விட்டு 'ஆண்டவருடைய' என்று பெயரையே திரும்பச் சொல்லுங்கள். பன்மையாக்கித் தப்பலாம் என்று தோன்றும். ஆனால் சங்கீதம் 34:20-இல் 'அவனுடைய எலும்புகள்' என்பதைப் பன்மையாக்கினால், இயேசுவின் எலும்பு முறிக்கப்படவில்லை என்று சொல்லும் யோவான் 19:36 கேட்கும்போது சிலுவையோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோகும். சங்கீதம் 8:4-க்கும் அதை மேற்கோள் காட்டும் எபிரெயர் 2:6-க்கும் அதே கதி. இந்த மூன்றையும் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

கணினியில்தட்டுபவர்:

'சகோதரரே' என்று தேடி 'சகோதர சகோதரிகளே' என்று ஒரே அழுத்தில் மாற்றாதீர்கள். 'சகோதரர்' என்ற வேரைத் தேடினால் ஆதியாகமத்திலும் போய் மாற்றும், யோசேப்பை விற்றுப்போட்ட பழி சகோதரிகள் தலையிலும் விழும். நிருபங்களில் விளியாக வரும் இடங்களை மட்டும் கையால் மாற்றுங்கள்.

'சகோதரர் என்பதே பலர்பால்தானே' என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். இலக்கணம் அவர் பக்கம், வழக்கு அவர் பக்கம் இல்லை: 'சகோதரர் மூவர்' என்றால் யாரும் அக்காவை எண்ணுவதில்லை. வாதத்துக்குப் பிலிப்பியர் 4 நல்லது. முதல் வசனத்தில் 'சகோதரரே' என்று அழைத்துவிட்டு, இரண்டாம் வசனத்திலேயே எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் பவுல் புத்தி சொல்கிறார். அந்த அழைப்பில் அவர்களும் இருந்தார்கள்.

பாமாலைப்பிரியை:

பாடலில் கை வைக்காதீர்கள். கீர்த்தனையில் ஒரு சொல்லை மாற்றினால் எதுகை போகும். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையில் அசை கூடி மெட்டு நொண்டும், வரியின் நடுவில் சபை இரண்டாகப் பிரிந்து பழையதையும் புதியதையும் சேர்த்துப் பாடும். பிடிக்காத பாட்டைத் திருத்துவதைவிட வேறு பாட்டைத் தேர்ந்தெடுப்பது மேல்.

கடவுளை 'எங்கள் பிதாவே' என்று அழைக்கும் பரமண்டல ஜெபமும் அப்படியே. கண்ணை மூடி மனப்பாடமாகச் சொல்வதில் அச்சடித்த தாளுக்கு அதிகாரமே இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் தனியாகவே ஒன்று அமைத்து, கடவுளைப் 'பெத்தவரே' என்று விளித்தார். தாய்க்கும் பொருந்தும், தகப்பனுக்கும் பொருந்தும், தெருவில் பேசுகிற தமிழும் கூட. பழையதைத் திருத்தாமல் பக்கத்தில் புதியதை வைத்தார், கவனியுங்கள். 'அம்மையே அப்பா' என்று எழுதினால் சிலருக்குத் திருவாசகம் காதில் விழும். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் கேள்வி வரும், பதிலோடு போங்கள்.

ஆவியானவரைப் பெண்பாலாக்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. எபிரெயத்தில் அந்தச் சொல் பெண்பால், கிரேக்கத்தில் நடுப்பால் என்பது உண்மை. தமிழில் 'ஆவியானவள்' என்றால் சபைக்குப் புளியமரம்தான் ஞாபகம் வரும். விட்டுவிடுங்கள்.

நெல்லைவாசி:

அக்கா, பிரமாதம். ஞானஸ்நானத்துக்கு என்ன செய்கிறார்கள்?

பலர்பால்:

'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்' என்ற வாய்பாட்டைத் தொடவே கூடாது ஐயா. 'சிருஷ்டிகர், மீட்பர், பரிசுத்தமாக்குபவர்' என்ற பெயரில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2008-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் சபைக்கு அது கட்டளை இல்லைதான். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு கத்தோலிக்கரைக் கட்டும்போது சர்டிபிகேட் கேள்விக்குள்ளாகும். நம்முடைய கொள்கைக்குப் பிள்ளை ஏன் அலைய வேண்டும்? ஆராதனை அழைப்பிலும் பொது மன்றாட்டிலும் பிரசங்கத்திலும் வேண்டிய இடமிருக்கிறது.

மூன்றாம்வாசகம்:

திருநர் குறித்த ஆராதனைக்கு வாசகங்கள் தேர்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அப்போஸ்தலர் 8 எடுத்தால் பவர் திருப்புதலில் வேலை நடக்காது. பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை அது 'மந்திரி' என்றுதான் சொல்கிறது. மத்தேயு 19:12-இல் 'அண்ணகர்கள்' (ஆண்மையற்றவர்கள்) என்று பெயர்த்த அதே கிரேக்கச் சொல்லை இங்கே 'மந்திரி' ஆக்கிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஞாயிறு பள்ளியில் அவர் ஒரு ரதமேறிய அதிகாரி, அவ்வளவுதான். வாசிப்பதற்கு முன் இரண்டு வரியில் இதை அறிவித்துவிட்டு வாசியுங்கள்.

வரிசை இப்படி வைத்தால் பேசும்: உபாகமம் 23:1 (விதையடிக்கப்பட்டவர் சபைக்குள் வரக்கூடாது), ஏசாயா 56:3-5 (அண்ணகருக்கு, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான கீர்த்தி), அப்போஸ்தலர் 8:26-39 ('தடையென்ன?'). முதலாவதைத் தவிர்த்தால் மூன்றாவதில் அந்தக் கேள்வியின் கனம் தெரியாது.

'அண்ணகர்' என்பதை 'திருநங்கை' என்று அச்சிடுவது மட்டும் தவறு. அரண்மனை வேலைக்காக விதையடிக்கப்பட்டவர்களும் அந்தச் சொல்லில் அடக்கம். உறவைப் பிரசங்கத்தில் சொல்லுங்கள், வசனத்தில் திணிக்காதீர்கள்.

கிழக்குத்தெரு:

எல்லாரும் ஆண்-பெண்ணோடு நிற்கிறீர்கள். 'ஆன்' விகுதிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பவர் திருப்புதல் ஏரோதுக்கும் 'ஆன்', கூலிக்காரனுக்கும் 'ஆன்', பவுலுக்கும்கூட 'ஆன்' போட்டது. 'ஆர்' கடவுளுக்கும் இயேசுவுக்கும். ராஜாவும் வேலைக்காரனும் ஒரே விகுதியில் நின்றார்கள். நீங்கள் திருத்தும்போது எஜமானுக்கு 'வந்தார்' போட்டுவிட்டு ஊழியக்காரனை 'வந்தான்' என்றே விட்டால், இல்லாத சாதியைப் புதிதாக அச்சடிக்கிறீர்கள். உவமைகளில்தான் இது அதிகம் நடக்கும். மத்தேயு 20, 25, லூக்கா 16 மூன்றையும் தனியாக எடுத்து, பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் எந்த விகுதி என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். ஏழை லாசருவுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதி பிரிக்கச் சுவர் கட்டிய ஊர் நம்முடையது. விகுதி சின்ன விஷயமில்லை அண்ணே.

கணினியில்தட்டுபவர்:

சரியாகச் சொன்னீர்கள், அந்த ஓரக்குறிப்பு முறையை எடுத்துக்கொள்கிறேன். அச்சு பற்றி ஒரு வார்த்தை: வயதானவர்களுக்கு எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். சபை சொல்லும் வரி மட்டும் தடித்த எழுத்தில். மாற்றிய இடங்களுக்கு அடிக்கோடு போடாதீர்கள், வாய் அங்கே போய் நின்றுவிடும். வாசகர்களுக்குத் தாளை முந்தின புதன்கிழமையே கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் கொடுத்தால் பீடத்தில் நின்று பழைய 'சகோதரரே'தான் வரும்.