பெல்ட்டுக்குத் தனிக் காசு: உங்கள் அனுபவம் என்ன?

மடிப்பாக்கம் அப்பா:
என் மகளை ஏழு வயதில் வீட்டுப் பக்கத்தில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்தேன். மாதம் 1,200 ரூபாய். சேர்க்கும்போது சொன்னது அவ்வளவுதான். மூன்றாவது மாதம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான டெஸ்ட், 1,800 ரூபாய், வெள்ளிக்குள் கட்ட வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் மஞ்சள் பெல்ட்டுக்குப் போகும்போது இவள் மட்டும் ஆரம்ப வெள்ளையில் நிற்க வேண்டாமே என்று கட்டிவிட்டேன்.

வேளச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் டெஸ்ட். கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்து காட்டும் அசைவுகள். ஹெயான் ஷோடான் கட்டாவில் நான்காவது அசைவு, திரும்பித் தடுத்ததும் கையை இழுத்து, முஷ்டியைச் சுத்தியல் போல மேலிருந்து இறக்க வேண்டும். அங்கேதான் மறந்துவிட்டாள். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பையனைப் பார்த்தாள். அவனும் இவளைப் பார்த்தான். கடைசியில் நாற்பது பிள்ளைகளும் பாஸ்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டாள், "அப்பா, நான் மறந்துட்டேனே, எப்படிப்பா பாஸ் போட்டாங்க?" கைவேலி தாண்டியும் எனக்குப் பதில் வரவில்லை.

காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பெல்ட், சான்றிதழ், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. டேக்வாண்டோவில் பிளாக் பெல்ட் என்றால் சியோலில் இருக்கும் அதன் தலைமையகமான குக்கிவான் தரும் சான்றிதழுக்கே தனிக் கட்டணம் உண்டு. சரி, அதை முதல் நாளே சொல்லுங்கள். தயாராகாத பிள்ளையை நிறுத்தி வையுங்கள். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883-ல் முதன்முதலில் டான், அதாவது உயர்நிலைத் தரம், கொடுத்தது இரண்டே பேருக்குத்தான்.

ராயபுரம்:
எங்கள் தாத்தா சிலம்பம் கற்ற காலத்தில் விஜயதசமிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு வேட்டி, முடிந்த தட்சிணை. பெல்ட் என்று ஒன்றே கிடையாது.

பெரம்பூர் மாஸ்டர்:
நானும் வகுப்பு எடுக்கிறவன்தான். முதலில் மாதம் 600 ரூபாய்தான் வாங்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், ஹால் வாடகை மட்டும் நிற்காது. அந்த ஓட்டையை கிரேடிங் காசுதான் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு முறை டெஸ்ட் வாரத்தில் ஒரு பையன் வரவில்லை. என்னிடம் அவன் உதைதான் சுத்தமாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். "காசு சேரட்டும் மாஸ்டர், அப்புறம் அனுப்புறேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாதக் கட்டணத்தில் 100 ரூபாய் ஏற்றிவிட்டேன். டெஸ்ட்டுக்குக் காசு இல்லை, ஆனால் எல்லோருக்கும் டெஸ்ட்டும் இல்லை. இரண்டு பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது பச்சை பெல்ட்.

மடிப்பாக்கம் அப்பா:
மாஸ்டர், உங்களுக்கு நன்றி. நாங்களும் போன மாதம் வேறு வகுப்புக்கு மாறிவிட்டோம். மஞ்சளையே கட்டிக்கொண்டு வரலாம் என்றுதான் புது மாஸ்டர் சொன்னார். அவள் பையிலிருந்து பழைய வெள்ளையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.