டாக்சினுக்கு ‘நச்சுப்பொருள்’ போதாது

வணக்கம்.

‘டாக்சின்’ (toxin) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘நச்சுப்பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சொல் நல்ல சொல்தான். ஆனால் பாய்சன், வெனம், டாக்சின் மூன்றுக்கும் அதையே போட்டு வருகிறோம். பாய்சன் எதுவாகவும் இருக்கலாம். பாறையிலிருந்து கிணற்று நீரில் கரையும் ஆர்செனிக்கும் பாய்சன்தான். உயிருள்ள ஒன்று தானே உண்டாக்கும் நஞ்சுதான் டாக்சின். அதைக் கடித்தோ கொட்டியோ உடம்பில் ஏற்றினால் வெனம்.

நிலக்கடலையில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற டாக்சினைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதினேன். ‘கடலையில் நச்சுப்பொருள் கலந்திருக்கலாம்’ என்று இருந்ததைப் படித்துவிட்டு ஒரு பெரியம்மா கேட்டார்: “எவன் கலந்தான்? நாங்க மருந்தே அடிக்கலையே!” பூச்சிக்கொல்லிக்கு வயலில் மருந்து என்றுதான் பெயர். அவர் கேட்டது முழுக்க நியாயம். யாரும் கலக்கவில்லை. சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை பிடித்து, அந்தப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு அது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததும் இப்படித்தான். தீவனத்தில் சேர்த்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் இதே நஞ்சு இருந்தது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஓடு கலகலவென்று ஆடும்வரை காயவைப்பதுதான் முதல் காப்பு. என் சொல்லோ அவரை மருந்துத் தெளிப்பான் பக்கம் திருப்பிவிட்டது.

அதனால் ‘விளைநஞ்சு’ என்கிறேன். விளைநிலம் போல வினைத்தொகை. சொல்லும்போதே எங்கோ விளைந்தது என்பது புரியும். அஃப்ளாடாக்சின் வகையைப் பூஞ்சை விளைநஞ்சு எனலாம். ஆலையில் செய்வதற்குச் ‘செய்நஞ்சு’. முதலில் ‘ஊறுநஞ்சு’ என்றுதான் நினைத்தேன். ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் இருப்பதால் அதன் மேல் ஆசை. ஆனால் சில பாக்டீரியாக்களின் டாக்சின் செல்லின் வெளிச்சவ்விலேயே இருந்து, பெரும்பாலும் அவை சிதையும்போதுதான் வெளியே வருகிறது. அங்கே ஊறுதல் ஏது? விட்டுவிட்டேன்.

வெனத்துக்குக் ‘கடிநஞ்சு’ போதும். தேள் கொட்டினாலும் விஷக்கடி என்பதுதானே நம் வழக்கு.

‘நச்சு’ என்று மட்டும் நிறுத்தலாமே என்பவர்களுக்கு: நச்சுதல் என்றால் விரும்புதலும்தான். 1008ஆம் குறளில் ‘நச்சப்படாதவன்’ (யாராலும் விரும்பப்படாதவன்), ‘நச்சு மரம்’ (நஞ்சு மரம்) இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. மரம் என்ற துணை இருப்பதால்தான் அங்கே குழப்பமில்லை.

டாக்ஸாய்டுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. டெட்டனஸ் ஊசியில் இருப்பது அதுதான்: நஞ்சின் வீரியத்தை எடுத்துவிட்டு, உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு அதன் உருவை விட்டுவைத்தது. ‘நஞ்சுமுறி’ என்றால் மாற்று மருந்தாகிவிடும். ‘அவிநஞ்சு’ (வீரியம் அவிந்த நஞ்சு) சரிவருமா?