ஷேர்டு இன்டென்ஷனாலிட்டிக்குத் தமிழ்ச்சொல்: ‘பங்குநோக்கு’ பற்றி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஷேர்டு இன்டென்ஷனாலிட்டி’, அதாவது ஆட்கள் ஒரே இலக்கைத் தங்கள் பொது இலக்காக வைத்துச் சேர்ந்து செயல்படும் திறன், இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு நேற்று ஒற்றை வரியில் ‘பங்குநோக்கு’ என்று நான் எழுதியதற்கு நிறைய மறுமொழிகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். மானிடவியல் கட்டுரையை மொழிபெயர்க்கும் தொண்டி நண்பர் இந்த வாரத்துக்குள் ஒரு சொல் வேண்டும் என்கிறார். அதனால் என் தரப்பை விரிவாகவே வைத்துவிடுகிறேன்.

‘மனிதன் ஒரு சமூக விலங்கு’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். கூடி வாழ்வதுதான் அளவுகோல் என்றால் எறும்பும் தேனீயும் நம்மைவிட ஒரு படி மேல். அப்படியானால் மனிதக் கூட்டத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது? அந்தக் கேள்விக்கு வந்த நல்ல விடைகளில் ஒன்றைத்தான் இந்தச் சொல் சுமக்கிறது. சொல்லில் கோட்டை விட்டால் படிக்கிற பிள்ளைகளுக்கு விடையும் கிடைக்காது.

கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உளவியலாளர் மைக்கேல் தொமசெல்லோவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2005-இல் இதை ஒரு கட்டுரையாக வளர்த்தெடுத்தார்கள். இரண்டு பேர் ஒரே இலக்கை வைத்துக்கொள்கிறார்கள். அந்த இலக்கு தனக்கு மட்டுமல்ல, மற்றவருக்கும் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். தன் வேலை எது, அடுத்தவர் வேலை எது என்பதும் தெரியும். நடுவில் ஒருவர் கையை விட்டால் மற்றவர் ‘என்னப்பா இது’ என்று கேட்கிற உரிமையும் அதற்குள் இருக்கிறது.

அதே நிறுவனத்தார் 2007-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர். பொருளை ஒளித்துவைத்துக் கண்டுபிடிப்பது, அளவைக் கணிப்பது போன்ற சோதனைகளில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறக்குறைய சமம். அடுத்தவரைப் பார்த்துக் கற்பது, அடுத்தவர் காட்டும் குறிப்பைப் புரிந்துகொள்வது என்று வந்ததும் குழந்தைகள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். பொது மூளைத்திறனில் பெரிய இடைவெளி இல்லாத வயதிலேயே அடுத்த ஆளோடு சேருகிற விதத்தில் இடைவெளி இருக்கிறது.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘பகிரப்பட்ட உள்நோக்கம்’ வேண்டாம். ‘அவர் உள்நோக்கத்தோடு பேசுகிறார்’ என்றால் தமிழில் கெட்ட எண்ணம் என்றுதான் பொருள். ‘ஒருமித்த எண்ணம்’ ஊர்க்கூட்டத் தீர்மானத்துக்குப் பொருந்தும், இதற்கு ஆகாது. ‘கூட்டுநோக்கம்’ பற்றித் தேவிபட்டினம் ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்:

> எளிய சொல். கூட்டு என்றாலே எல்லாருக்கும் புரியும். இதைவிட என்ன வேண்டும்?

எளிமை உண்டு ஐயா, மறுக்கவில்லை. ஆனால் சாளைக் கூட்டமும் கூட்டம்தான். ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நொடியில் திரும்புகின்றன. ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனைப் பார்த்து விலகியும் ஒட்டியும் நீந்துகிறது, அவ்வளவுதான். எந்த மீனுக்கும் தனி வேலை கிடையாது. ‘கூட்டு’ என்ற சொல் அந்த மீன் கூட்டத்தையும் அதை வளைக்கிற ஆட்களையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

கரைவலை இழுப்பதை நம் குழுமத்தில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். வள்ளம் வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், மறு முனையைத் தள்ளி வேறோர் இடத்தில் கரைசேர்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் இழுப்பார்கள். இடது பக்கம் வேகம் கூடினால் வலை கோணும், மீன் சேருகிற பை போன்ற மடி நடுவில் வராது, மீன் திறந்த பக்கமாக ஓடிவிடும். ஆகவே மிதவைகளைப் பார்த்துக்கொண்டு மூத்தவர் ஒருவர் குரல் கொடுப்பார். இடது பக்கத்தார் நிறுத்துவார்கள், வலது பக்கத்தார் இழுப்பார்கள், பிறகு இரு அணியும் இழுத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று நடந்து வரும். கயிற்றின் கடைசியில் நின்று கயிற்றைச் சுருட்டுகிறவர் மீனைத் தொடுவதே இல்லை. ஆனால் அவரும் மீன்தான் பிடிக்கிறார். கேட்டால் ‘நாங்கள் வலை இழுக்கிறோம்’ என்பாரே தவிர, ‘நான் கயிறு சுருட்டுகிறேன்’ என்று சொல்ல மாட்டார்.

மடி கரையேறியதும் பங்கு. வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பார்கள். கணக்கு ஊருக்கு ஊர் மாறும், ஆனால் பங்கு இல்லாமல் எந்த ஊரிலும் வலை இறங்காது. இழுக்கும்போது ‘என் பங்குக்கு நானும் பிடித்தேன்’ என்கிறோம், இழுத்து முடித்ததும் ‘என் பங்கு எங்கே’ என்கிறோம். முதலாவது வேலை, இரண்டாவது விளைச்சல். ஒரே சொல் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் சொல்கிற கருத்திலும் இந்த இரண்டும் பிரியாமல்தான் வருகின்றன.

2011-இல் வெளியான சோதனை ஒன்றைக் கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தைகள் இருவர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துச் சேர்ந்து இழுத்தால் பலகை முன்னால் வரும். அதில் ஒரு பக்கம் மூன்று விளையாட்டுப் பொருள், மறு பக்கம் ஒன்று. மூன்று கிடைத்த குழந்தை பெரும்பாலும் ஒன்றை எடுத்து மற்றதிடம் கொடுத்துவிடும், ஆளுக்கு இரண்டு. இழுக்காமலே பொருள் கிடைத்தபோதும், தனித்தனியாக இழுத்தபோதும் இப்படிக் கொடுப்பது குறைந்தது. சேர்ந்து இழுத்ததுதான் அந்தப் பொருளை இருவருக்கும் உரியதாக்கியது. சிம்பன்சிகளிடம் சேர்ந்து இழுத்ததால் இந்த மாற்றம் ஏற்படவில்லை. இதைப் படித்தபோதுதான் ‘பங்கு’ என்ற சொல் எனக்குத் தோன்றியது. கடற்கரைக்காரர்கள் காலங்காலமாகப் பழகிவரும் சொல் அது.

கீழக்கரை நண்பரின் கேள்வி இந்த இழையிலேயே நல்ல கேள்வி:

> களவா மீன் அஞ்சாலையைக் கூப்பிட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவதாகப் படித்தேன். அதற்கும் பங்குநோக்கு உண்டு என்பீர்களா?

செங்கடலில் ஆய்வாளர்கள் நேரில் கண்டு 2006-இல் எழுதிய செய்திதான் அது. களவா, பாம்பு போல நீண்ட மீனான அஞ்சாலையின் முன்னால் வந்து தலையை ஆட்டும். அஞ்சாலை பவளப்பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து கூடவே போகும். இரை இடுக்குக்குள் ஓடினால் அஞ்சாலைக்கு லாபம், வெளியே ஓடினால் களவாவுக்கு லாபம். இரை எங்கே ஒளிந்திருக்கிறது என்று களவா தலைகீழாக நின்று காட்டுவதும் பதிவாகியிருக்கிறது. அருமையான ஒத்துழைப்பு, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பிடித்த மீன் முழுசாக விழுங்குவதோடு கதை முடிகிறது. பங்கு பிரிப்பது என்ற கட்டமே வருவதில்லை. அது வராததால்தான் இந்தக் கூட்டு சண்டையில்லாமல் நடக்கிறது என்று ஆய்வாளர்களே கருதுகிறார்கள். சிம்பன்சிகளும் கயிறு இழுக்கும், அதிலும் நன்றாக இழுக்கிற கூட்டாளியைத் தேர்ந்தெடுத்து அழைக்கும். தாய்லாந்து யானைகள் துணை வரும்வரை கயிற்றருகில் காத்து நின்றதும் 2011-இல் வெளிவந்தது. ஆகவே ‘விலங்குக்கு ஒத்துழைக்கத் தெரியாது’ என்று கட்டுரையில் ஓரிடத்திலும் வரக் கூடாது என்று தொண்டி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்துவிட்டு நடுவில் சும்மா நின்றுவிட்டார். குழந்தைகள் அவரைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். அதே சோதனையில் இளம் சிம்பன்சிகள் ஒருமுறைகூட அப்படிச் செய்யவில்லை. ‘உன் பங்கு பாக்கி இருக்கிறது, வா’ என்று பேச்சு சரியாக வராத குழந்தை சொல்கிறது.

பங்கு பிசகினால் கோபம் வருவதும் இதே கணக்குதான். ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு உண்டு. மீறல்கள் நடக்கின்றன, தகராறும் வருகிறது. ஆனால் கடலில் கோடு கிடையாது, கிழமை என்பதும் கடலுக்குத் தெரியாது. மனிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேச்சு மட்டும்தான் அங்கே இருக்கிறது. நேரில் பார்த்திராத ஆட்களோடும் பங்கு பேசிக்கொள்ளும் இந்த அளவுக்குப் பங்குநோக்கு விரிந்திருப்பதை வேறு எந்த உயிரினத்திலும் நாம் காணவில்லை.

மண்டபம் அக்காவின் மறுப்பு:

> பங்கு என்றதும் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். ‘பங்குநோக்கு’ வணிகப் பக்கத் தலைப்பு மாதிரி இருக்கிறது.

நியாயமான கவலை அக்கா. ஆனால் பங்கேற்பு, பங்களிப்பு, பங்காளி எல்லாம் சந்தையை நினைவூட்டாமலே நம்மோடு இருக்கின்றன. தங்கச்சிமடத்தில் ‘பங்குத்தந்தை’ என்றால் யாரும் முதலீட்டு ஆலோசகர் என்று எண்ண மாட்டார்கள். சொல் எந்த வாக்கியத்தில் நிற்கிறதோ அதுவே பொருளைக் காட்டிவிடும். நீங்கள் மாற்றாகச் சொன்ன ‘பங்கேற்பு நோக்கு’ விளைச்சலைப் பகிர்வதை விட்டுவிடுகிறது, அதனால் தயங்குகிறேன்.

‘நோக்கம்’ ஏன் இல்லை, ‘நோக்கு’ ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். இன்றைய வழக்கில் நோக்கம் என்றால் பெரும்பாலும் குறிக்கோள்தான். நோக்கு என்பதில் பார்வையும் இருக்கிறது. ‘கண்ணொடு கண்ணிணை நோக்கொக்கின்’ என்ற குறளில் வருவது பார்வைதான். குழந்தை ஏறக்குறைய ஒரு வயதில் நிலாவைச் சுட்டிக்காட்டிவிட்டு, நாம் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதே, ஆய்வாளர்கள் இந்தத் திறனுக்கு வேர் தேடுவது அங்கேதான். பார்வையிலிருந்து இலக்குக்குப் போகிற அந்தப் பாதையை ‘நோக்கு’ தாங்கும்.

பாம்பன் தம்பி சொன்ன ‘நாம்நோக்கு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற ‘நாம்’, சேர்க்காத ‘நாங்கள்’ என்று தமிழ் பிரித்து வைத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டியது சரியான இடத்தில் கை வைத்தது. அதை இதற்குச் செலவழிக்காமல், தத்துவத்தில் வருகிற ‘வீ-இன்டென்ஷன்’ (‘நாம் இதைச் செய்வோம்’ என்ற எண்ணம்) என்ற நெருங்கிய சொல்லுக்கு வைத்துக்கொள்வோம். இருவர் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கிற ‘ஜாயின்ட் அட்டென்ஷன்’ என்பதற்கு ‘உடன்நோக்கு’ போடலாம். மூன்றும் ‘நோக்கு’ என்றே முடிவதால் உறவு கண்ணுக்குத் தெரியும்.

புழக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘வலை இழுப்பது பங்குநோக்குச் செயல்’, ‘குழந்தையின் பங்குநோக்குத் திறன்’, ‘பங்குநோக்கு இல்லாத ஒத்துழைப்பு’. எனக்கு எங்கும் நாக்கு இடறவில்லை. இடறுகிற வாக்கியம் உங்களுக்குக் கிடைத்தால் அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.

ஒரு கூட்டத்தார் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நடைமுறையான ‘நார்ம்’ என்பதற்கு நெறியா, வழமையா, கட்டுப்பாடா என்பது இன்னும் பாக்கி. ‘ஊர்க்கட்டுப்பாடு’ என்று நம் பக்கம் சொல்வதில் பாதிப் பொருள் ஏற்கெனவே இருப்பதாக நினைக்கிறேன். தேவிபட்டினம் ஐயா அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.