ஹேஷ் வேல்யூ: ‘பிழிவெண்’ சரிவருமா?

வணக்கம்.

ஹேஷ் வேல்யூவுக்கு, அதாவது ஒரு மின்கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்ணுக்கு, தமிழ்ச் சொல் தேடுகிறோம். “மின்கைரேகை என்றே வைத்துவிடலாமே, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை” என்று நேற்று எழுதியிருந்தீர்கள். வேறு துறையாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் நாம் தேடுவது நீதிமன்றத்துக்குப் போகும் மின்னணுச் சான்றுகளுக்கான சொல். அங்கே கைரேகைக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அதற்கென்று நிபுணர்களும் இருக்கிறார்கள். அறிக்கையில் “கைரேகை பொருந்துகிறது” என்று வந்தால் படிப்பவர் ஆளைத்தான் நினைப்பார், கோப்பை அல்ல.

இன்னொரு யோசனையான ‘முத்திரை எண்’ணும் அப்படித்தான். முத்திரை என்றதும் யார் வைத்தது என்ற கேள்வி வரும், அது மின்கையொப்பத்தின் வேலை.

‘மெய்யெண்’ என்ற யோசனையும் இருக்கிறது. அது கணக்குப் பாடத்தில் வேறு பொருளில் எப்போதோ புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதை விட்டாலும் எனக்கு அந்தச் சொல் பயமாகவே இருக்கிறது. ஜோடித்த வீடியோவுக்கும் இந்த எண் உண்டே! கைப்பற்றிய அன்று எடுத்த எண்ணும் விசாரணையில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கோப்பில் கைவைக்கவில்லை என்றுதான் ஆகும், அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று ஆகாது. சொல்லே அந்தத் தப்பான நம்பிக்கையைக் கொடுத்துவிட்டால் சிக்கிக்கொள்வது குற்றம்சாட்டப்பட்டவர்.

அதனால்தான் பிழிவெண் என்கிறேன். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ஷா-256 (SHA-256) என்ற கணக்கீட்டு முறையில் பிழிந்தால் கிடைப்பது 256 பிட், 16-ஐ அடியாகக் கொண்டு எழுதினால் 64 இலக்கம். ஒரு வாக்குமூலக் கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை நீக்கிவிட்டு எடுத்துப் பார்த்தேன், பழைய எண்ணின் சாயலே இல்லை. சாற்றை வைத்துக் கரும்பை உண்டாக்க முடியாது, அதுபோல இந்த எண்ணிலிருந்து கோப்பை மீட்க முடியாது என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அப்புறம், முறையின் பெயரையும் சேர்த்து ‘ஷா-256 பிழிவெண்’ என்றே எழுதப் பழக வேண்டும். எல்லா முறையும் ஒரே அளவு நம்பகமானதல்ல: ஷா-1 என்ற பழைய முறையில் ஒரே எண் வரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை 2017-லேயே கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையமும் செய்து காட்டிவிட்டன. இப்படி இரண்டு கோப்புகள் ஒரே எண்ணில் வந்து நிற்பதை ‘பிழிவு மோதல்’ எனலாமா?

ஒன்றுதான் உறுத்துகிறது. நீதிமன்றத்தில் வாய்விட்டு வாசிக்கும்போது ‘பிழை எண்’ என்று காதில் விழுமோ? வழக்காடும் நண்பர்கள் இரண்டு மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.