ஒரே கடிதம், இரண்டு தேதி: விஏ நிலுவை எந்த நாளிலிருந்து?

டெக்சஸ்வாசி:
அமெரிக்க ராணுவத்திலிருந்து 2019-இல் வெளிவந்த என் மச்சானுக்காகக் கேட்கிறேன். விஏ (அமெரிக்க முன்னாள் படையினர் நலத்துறை) தரும் ஊன உதவித்தொகை விஷயம். 2023 ஜூன் 12 அன்று இன்டென்ட் டு ஃபைல் (ஒரு வருடத்துக்குள் க்ளெய்ம் போடுவேன் என்ற முன்னறிவிப்பு) போட்டார். அக்டோபரில் காது இரைச்சலுக்கு க்ளெய்ம் போட்டார். முதுகுக்குத் தனியாக 2024 மார்ச் 5 அன்று. இரண்டுமே ஒரு வருடத்துக்குள்தான். ஆனால் இப்போது வந்த கடிதத்தில் காதுக்கு 10% ஊன மதிப்பீடு, 2023 ஜூன் 12 முதல். முதுகுக்கு 40%, 2024 மார்ச் 5 முதல் என்று இருக்கிறது. விஏ தவறு செய்துவிட்டதா? எவ்வளவு நஷ்டம்?

படிவம்526:
தவறில்லை என்றுதான் படுகிறது. ஒரு இன்டென்ட் டு ஃபைல், முழுமையான ஒரே ஒரு க்ளெய்முக்குத்தான் செல்லும். அந்த ஒரே 21-526ஈஸி க்ளெய்ம் படிவத்தில் பத்து உபாதைகளை எழுதியிருந்தாலும் பத்துக்கும் ஜூன் 12 கிடைத்திருக்கும். காதை மட்டும் எழுதி அனுப்பிய அன்றே அந்தத் தேதி செலவாகிவிட்டது. மிச்சமிருந்த எட்டு மாதத்துக்கு மதிப்பில்லை. அக்டோபரில் படிவம் போன கையோடு புதிதாக இன்னொரு இன்டென்ட் போட்டிருந்தால் முதுகுக்கு அந்த அக்டோபர் தேதியாவது மிஞ்சியிருக்கும். பலரும் விழும் பள்ளம் இது.

கார்த்தி_விஏ:
க்ளெய்முக்கு ஒரு வருடம் முன்புவரை பின்னால் போகலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே? பழைய எம்ஆர்ஐயைக் காட்டினால் போதாதா?

நிலுவைக்கணக்கு:
அது ஏற்கெனவே சேவைத் தொடர்பு (படைப்பணியால் வந்தது என்பது) ஏற்கப்பட்ட உபாதை மோசமாகி, சதவீதத்தைக் கூட்டக் கேட்கும்போது மட்டும். அங்கேகூட அந்த ஒரு வருடத்துக்குள்தான் மோசமானது என்று ஆவணம் சொல்ல வேண்டும். முதல்முறைக் கோரிக்கைக்குப் பொது விதிதான்: க்ளெய்ம் வந்து சேர்ந்த தேதி, தகுதி உண்டான தேதி, இரண்டில் எது பிந்தியதோ அது. பணியிலிருந்து விடுபட்ட ஒரு வருடத்துக்குள் போட்டிருந்தால் விடுபட்ட மறுநாளே கிடைக்கும். 2019-இல் வந்தவருக்கு அந்தக் கதவு மூடியாயிற்று.

பணக் கணக்கு, குடும்பச் சார்ந்தோர் இல்லாதவருக்கு: 40-உம் 10-உம் சேர்ந்தால் விஏ கணக்கில் 46 (40 போக மிச்சமுள்ள 60-இல் 10% என்பது 6), பத்துக்கு முழுதாக்கினால் 50%. எஃபெக்டிவ் டேட்டுக்கு (கடிதத்தில் “முதல்” என்று உள்ள தேதிக்கு) அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் பணம். ஆக வித்தியாசம் 2023 ஜூலை முதல் 2024 மார்ச் வரை. 50%-க்கான மாதத் தொகையிலிருந்து 10%-க்கானதைக் கழித்தால்:
2023 ஜூலை–நவம்பர்: (1,041.82 − 165.92) × 5 = 4,379.50 டாலர்.
டிசம்பர்–மார்ச்: (1,075.16 − 171.23) × 4 = 3,615.72 டாலர்.
மொத்தம் 7,995.22. டிசம்பரில் விகிதம் மாறுவதால் இரண்டாகப் பிரித்தேன்.

இது உச்சவரம்பு. முதுகுக்கு 40% கிடைப்பது பெரும்பாலும் முன்னோக்கிக் குனிவது 30 டிகிரிக்குள் நின்றுவிட்டால்தான். அந்த அளவு 2024 பரிசோதனையில்தான் முதலில் பதிவாகியிருந்தால், தேதி ஜூனுக்குப் போனாலும் இடைப்பட்ட காலத்துக்குக் குறைந்த சதவீதம் போட விஏ-வுக்கு இடமுண்டு.

படிவம்526:
வழி ஒன்றுதான் தெரிகிறது. அக்டோபரில் அனுப்பியவற்றின் நகலை எடுத்துப் பாருங்கள். படிவத்திலோ கூட வைத்த 21-4138 விளக்கக் கடிதத்திலோ “முதுகுக்கும் கேட்கிறேன்” என்று ஒரு வரி இருந்தால் பிடி கிடைத்தது. அதைக் காட்டி 20-0996 படிவத்தில் ஹையர் லெவல் ரிவ்யூ (மூத்த அதிகாரியின் மறு ஆய்வு) கேளுங்கள். அதில் புதுச் சான்று சேர்க்க முடியாது, பழைய காகிதமே பேச வேண்டும். சிகிச்சைக் குறிப்பில் முதுகுவலி என்று இருப்பது மட்டும் க்ளெய்ம் ஆகாது.

கெடு, கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு வருடம். அதைத் தாண்டிய பிறகு “தேதியை முந்தைய நாளுக்கு மாற்றுங்கள்” என்று தனியாக மனு போட்டால் நிற்காது. தெளிவான, மறுக்கமுடியாத பிழை என்று நிரூபித்தால்தான் உண்டு. அந்தப் படி மிக உயரம்.

டெக்சஸ்வாசி:
நகல் கையில் இல்லை. வக்கீல் வைக்கலாமா?

நிலுவைக்கணக்கு:
முதலில் க்ளெய்ம் கோப்பு முழுவதையும் 20-10206 படிவத்தில் கேளுங்கள். வர மாதக்கணக்காகலாம், எனவே இன்றே. வக்கீல் வழக்கமாக நிலுவையில் 20% எடுப்பார். முழுதும் வென்றாலும் இங்கே சுமார் 1,600 டாலர் அவருக்கு. முன்னாள் படையினர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதையே இலவசமாகச் செய்வார்கள். அக்டோபர் காகிதத்தில் அந்த ஒரு வரி இல்லையென்றால் இரண்டுமே தேவையில்லை.