புதுப்பிப்பு: லேசர் டேக்கில் இந்த முறை தப்பித்தோம்

டர்பனில் லேசர் டேக் (எதிரணியின் உடுப்பிலுள்ள சென்சாரை அகச்சிவப்புக் கதிர்த் துப்பாக்கியால் சுடும் ஆட்டம்) ஆடி, ஆளுக்கொரு பக்கம் ஓடி, அங்கேயுள்ள சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன்களிடம் மூன்று ஆட்டமும் தோற்ற கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். "இரண்டிரண்டு பேராகப் போங்கள்" என்றீர்கள். நேற்று அப்படியே செய்தோம்.

நானும் தம்பியும் மேல்தளப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டோம். முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றதால் பின்பக்கச் சென்சாருக்குக் கவலையில்லை. தம்பி அடிபட்டு அவன் உடுப்பு விளக்கு அணைந்ததும், சுட்டவன் ஆசையாகத் தலையை நீட்டுவான். உடனே நான் சுடுவேன். ஒரே தந்திரத்தில் நாலு முறை மாட்டினார்கள், பாவம்!

அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடியில் பட்டுத் திரும்ப வைக்கும் யோசனை மட்டும் பலிக்கவில்லை. அங்கே கண்ணாடியே இல்லை.

முதல் ஆட்டம் போச்சு. அடுத்த இரண்டும் எங்களுக்கு. அப்புறம் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) செலவு அவர்கள் தலையில்.