காந்தி பூங்காவில் கிடைத்த மோதிரம்: உரியவரை எப்படித் தேடுவது?

வாவிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை எங்கள் அயல்வீட்டு அக்கா தம் பிள்ளைகளை மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்குக் கூட்டிச் சென்றபோது, சுரை கழன்று அவருடைய தோடு ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு காது வெறுமையாக இருப்பதைக் கவனித்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் அண்ணா விட்டுச்சென்ற மெட்டல் டிடெக்டர் ஒன்று என்னிடம் இருப்பதால், மறுநாள் விடியற்காலையில் போய் அவர் நடந்த இடமெல்லாம் தேடினேன். இரண்டு மணித்தியாலத் தேடலில் சோடா மூடிகளும் ஆணிகளும் சில்லறைக் காசுகளுமே அகப்பட்டன. தோடு கிடைக்கவில்லை, ஆனால் திரும்பும் வேளையில், நான்கு விரற்கடை ஆழத்தில், ஒரு பொன் மோதிரம் கிடைத்தது.

வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தபோது, வேலைப்பாட்டின் இடுக்குகளில் இறுகியிருந்த மண் கரைந்து, உள்வளைவில் பொறித்திருந்த எழுத்துகளும் ஒரு திகதியும் தெரிந்தன. உள்ளங்கைப் பக்கம் நன்றாகத் தேய்ந்து மெலிந்திருக்கிறது. பல வருடங்கள் ஒரே விரலில் கிடந்த மோதிரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனாலேயே இதை வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. படமெடுத்து முகநூலில் போடலாமா, பொலிஸில் ஒப்படைக்க வேண்டுமா, யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்காவின் தோட்டைத் தேட வழியிருந்தால் அதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

(திருத்தம்: பொறித்திருந்த எழுத்துகளையும், மோதிரம் கிடைத்த சரியான இடத்தையும் முதலில் எழுதியிருந்தேன். கீழே ஐயா சொன்னபடி நீக்கிவிட்டேன்.)

கல்லடிவாசி எழுதியது:

தம்பி, முதல் வேலையாக அந்த எழுத்துகளையும் திகதியையும் உங்கள் பதிவிலிருந்து நீக்குங்கள். படமும் போட வேண்டாம். உரியவருக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த விடயம் ஒன்று இருக்கும்வரைதான், வருகிறவர் உண்மையான சொந்தக்காரரா என்று உங்களால் அறிய முடியும். ‘பூங்காவில் ஒரு நகை கண்டெடுக்கப்பட்டது, அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்ற அளவில் அறிவித்தால் போதும்.

நீதிமன்ற எழுதுநராக நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சட்டத்தையும் சொல்லி வைக்கிறேன். கண்டெடுத்த பொருளைப் பாதுகாத்து உரியவரிடம் கொடுப்பதற்காக எடுத்து வைப்பது குற்றமல்ல. ஆனால் உரியவர் யாரென்று தெரிந்திருந்தும், அல்லது அறிந்துகொள்ள நியாயமான முயற்சி எதுவும் செய்யாமலும், அதைத் தனதாக்கிக்கொண்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 386 ஆம் பிரிவு சொல்லும் நேர்மையற்ற கையாடலுக்குள் அது வந்துவிடும். ஆகவே பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்து, பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகையைத் தொலைத்தவர் ஏற்கெனவே முறைப்பாடு செய்திருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு விடயம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கும் புளியந்தீவுப் பக்கம் நீங்கள் கருவியோடு நடக்கிறீர்கள். நம் நாட்டில் இத்தகைய கருவியைக் கண்டாலே புதையல் தோண்டுகிறவர் என்ற எண்ணம்தான் பலருக்கு வரும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தொல்பொருளைத் தேடித் தோண்டுவது குற்றமாகும். பழைய செப்புக்காசு போன்ற ஏதாவது தென்பட்டால் அதைச் சுத்தம் செய்யவோ விற்கவோ முயலாமல் அறிவித்துவிடுங்கள். அடுத்த முறை, இன்ன நகை தொலைந்தது, அதைத் தேட வேண்டும் என்று மாநகர சபைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி பெற்ற பிறகு போவது நல்லது.

காத்தான்குடி வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா சொன்ன எச்சரிக்கையைப் படித்ததும், எங்கள் மார்க்கத்தில் கண்டெடுத்த பொருளைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன முறை நினைவுக்கு வந்தது. பணப்பை ஒன்று கிடைத்தால், அந்தப் பை எப்படிப்பட்டது, அதன் வாய் எந்தக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் நன்றாகத் தெரிந்துகொண்டு, பிறகு ஒரு வருடம் மக்களிடம் அறிவிக்க வேண்டும். வருகிறவர் அந்த அடையாளங்களைச் சரியாகச் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். தொலைந்த பொருளைப் பள்ளிவாசலுக்குள் கேட்டறிவிப்பது தடுக்கப்பட்டிருப்பதால், வெளியே வாசலில்தான் அறிவிப்பார்கள். வார இறுதியில் எங்கள் ஊர்க் குடும்பங்களும் அந்தப் பூங்காவுக்கு வருகிறபடியால், சிறிய அறிவித்தல் ஒன்று எழுதித் தந்தால் இங்கே வாசல்களில் ஒட்டுவதை நான் பொறுப்பேற்கிறேன். ஒரு வாரம் ஒட்டிவிட்டுக் கைவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நகை போன துக்கத்தில் பூங்காப் பக்கமே வராமல் இருப்பவருக்குச் செய்தி போய்ச்சேர மாதங்கள் ஆகலாம்.

பொற்கொல்லர் மகன் எழுதியது:

மோதிரத்தை இனித் தேய்க்கவோ மினுக்கவோ வேண்டாம், தம்பி. உள்வளைவை ஒரு பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். 916 என்றிருந்தால் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன், அதாவது 22 கரட். அதனருகே கடைக்காரரின் முத்திரை எழுத்து இருந்தால் செய்த கடையைத் தேடிப்போகலாம். ஊர்ப் பட்டறையில் செய்ததென்றால், பற்றவைத்த இடத்தைப் பார்த்தே யாருடைய கைவேலை என்று சொல்லக்கூடிய பழைய தட்டார்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்தராசில் நிறுத்து எடையைக் குறித்து, அதையும் இரகசியமாக வைத்திருங்கள். நம் பகுதியில் ஒரு முறையாவது அடகுக்குப் போகாத நகை குறைவு. அடகுச் சீட்டில் எடை எழுதியிருக்கும் என்பதால், உரிமை கோரி வருகிறவரிடம் பழைய சீட்டோ, மோதிரம் விரலில் தெரியும் கலியாணப் படமோ இருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டுக்குப் பிறகு மோதிரம் தேய்ந்திருந்தால் எடை சற்றுக் குறையும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தோடு. கருவியை வெள்ளித்தாள் போன்ற குப்பையைத் தவிர்க்கும்படி வைத்துத்தான் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிறிய பொன் நகையும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே ஒலியைத்தான் கொடுக்கும். வெள்ளித்தாளை ஒதுக்கினால் தோடும் சேர்ந்து ஒதுங்கிவிடும். அந்தத் தவிர்ப்பை நீக்கிவிட்டு, கருவியின் அடியிலுள்ள வட்டை நிலத்தோடு ஒட்டினாற்போல் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சைப் பாதி மூடும்படி மிக மெதுவாக நகருங்கள். வாவியோரத்து உப்பு ஈரத்தில் கருவி வீணாகக் கத்தும். அங்கே உணர்திறனைக் குறையுங்கள். தோடு விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மண்ணுக்குள் ஆழமாகப் போயிருக்காது. தோண்டுவதற்கு முன் புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னால், அக்காவை அன்றைக்கு உடுத்திய உடுப்பின் மடிப்புகளையும் பிள்ளைகளின் பையையும் உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமாங்கத்துப் பெண் எழுதியது:

எனக்கு இந்த மோதிரத்தோடு தொடர்பில்லை. அம்மா தந்த காப்பு ஒன்றைக் கடற்கரையில் தொலைத்தவள் நான். விலையை எப்போதோ மறந்துவிட்டேன், ஆனால் அம்மாவின் கையில் அது உரசி உரசி ஒரு பக்கம் தட்டையாகியிருந்த இடம் இன்றும் என் விரலுக்குத் தெரியும். உங்களிடம் வருகிறவரிடம் எழுத்துகளை மட்டும் கேட்காதீர்கள், தம்பி; எந்தப் பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். அணிந்தவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

வாவிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேய்மானத்தைப் பற்றியும் முதற்பதிவில் எழுதிவிட்டேனே என்று அக்கா சொன்ன பிறகுதான் உறைத்தது; அதைப் படித்தவர்கள் பலர் இருப்பதால் இனி அந்தக் கேள்வியை நம்ப முடியாது. எடையும் எழுத்துகளும் வேறொரு சிறிய அடையாளமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இன்று காலை பொலிஸில் பதிவு செய்து இலக்கம் வாங்கிவிட்டேன். மாநகர சபைக்கான கடிதத்தை நாளை கொடுக்கிறேன். காத்தான்குடி நண்பருக்கு அறிவித்தலைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கிறது, நகை மோதிரம் என்றுகூட அதில் எழுதவில்லை.